கேரவன் கதவைத் தொட்டால் சுள்ளென்கிறது: வீட்டில் நீலச் சாக்கெட் போடுவது எப்படி?

சாட்ஸ்வர்த்_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், விஷயம் அப்படி.

மாமனார் தன் பழைய கேரவனை (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) எங்களுக்குக் கொடுத்துவிட்டார். 90களில் வாங்கியது, நாலு பேர் படுக்கலாம், கூரை ஒழுகவில்லை, உள்ளே மரவேலை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. வீட்டின் பக்கவாட்டில், கார் நிறுத்தும் கூரைக்கு அடுத்த புல்தரையில் நிறுத்தியிருக்கிறேன். தைப்பூசத்துக்கு மாமனாரும் மாமியாரும் பீட்டர்மரிட்ஸ்பர்கிலிருந்து வந்து மூன்று வாரம் தங்குவார்கள், வீட்டில் இடம் போதாது, அவர்களே கேரவனில் படுத்துக்கொள்கிறோம் என்று ஆசையாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் அதற்குக் கரண்ட் வேண்டும். விளக்கு, ஃபிரிட்ஜ், ஒரு கெட்டில், ராத்திரிக்கு ஒரு ஃபேன், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் ரீலை இழுத்து, அதன் முனையில் நீலச் சாக்கெட் (கேரவனுக்குக் கரண்ட் கொடுக்கும் நீல நிறச் சாக்கெட்) அடாப்டர் மாட்டி, கேரவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை மழை பெய்து ஓய்ந்த பிறகு என் மகள் (ஏழு வயது) செருப்பில்லாமல் ஓடிப்போய்க் கேரவன் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். "அப்பா, கதவு கடிக்குது" என்று கையை உதறிக்கொண்டு வந்தாள். முதலில் ஏதோ பூச்சி என்றுதான் நினைத்தேன். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைக் கதவுச் சட்டத்தில் வைத்தேன், உள்ளே இருக்கும் சின்ன விளக்கு மங்கலாக எரிந்தது. உடனே சமையலறைக்கு ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று முடிவு. பக்கத்துச் சுவரில் நிரந்தரமாக ஒரு நீலச் சாக்கெட். டிபி போர்டிலிருந்து (வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) அந்த இடத்துக்குக் கேபிள் போகும் வழியை அளந்தேன், 28 மீட்டர் வருகிறது. என் கேள்விகள்: நானே போடலாமா, கையில் கொஞ்சம் வேலை தெரியும், என்ன கேபிள், எத்தனை ஆம்ப் பிரேக்கர், பக்கத்து வீட்டுக்காரர் 30 ஆம்ப் போடு, யூடியூபில் எல்லோரும் 30, 50 என்றுதான் போடுகிறார்கள் என்கிறார், கேரவன் பக்கத்தில் தனியாக ஒரு எர்த் கம்பி அடித்தால் இந்த ஷாக் பிரச்சினை தீருமா, டிபி-யில் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இருக்கிறதே, அது ஏன் விழவில்லை?

பீனிக்ஸ்_மின்வேலை எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. அந்தக் கேரவனை எதிலும் மாட்டாதே. இன்றைக்கு வேண்டாம், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறேன் என்றும் வேண்டாம். பிள்ளைகள் இருக்கிற வீடு. அந்த ரீலைச் சுருட்டிப் பூட்டி வைத்துவிட்டு மிச்சத்தைப் படி. நான் 20 வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன், கேரவன் சுள்ளென்று கடிக்கிறது என்று யார் சொன்னாலும் எனக்கு வயிறு கலங்கும்.

உன் மகளுக்கு நடந்தது இதுதான். இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் இருந்திருக்கிறது. கேரவனுக்குள் ஏதோ ஒரு சாமானில் லைவ் கரண்ட் கொஞ்சம் உடம்புக்குக் கசிகிறது. அது மட்டும் என்றால் எர்த் வயர் வழியாக வீட்டுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆனால் எர்த் வயர் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. கேரவன் நிற்பது ரப்பர் டயரில், மூலைக் கால்களுக்குக் கீழே நீ மரக்கட்டை வைத்திருப்பாய். ஆக அந்த உலோக உடம்பு முழுக்க எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது, கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் காத்திருக்கிறது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஒரு பிள்ளை கைப்பிடியைத் தொட்டால் அந்தப் பிள்ளைதான் வழி.

எர்த் லீக்கேஜ் ஏன் விழவில்லை என்கிறாய். நம் வீடுகளில் இருப்பது 30 மில்லி ஆம்ப். அதற்குக் கீழே கசிந்தால் சில சமயம் விழாது. மனித உடம்புக்கு ஒரு மில்லி ஆம்ப் அளவிலேயே சுள்ளென்று தெரிய ஆரம்பிக்கும், பத்தைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். அதனால் அது விழவில்லை என்பதற்கு ஆபத்தில்லை என்று பொருள் கிடையாது. இன்றைக்குக் கசிவு சின்னது, நாளைக்கு அதே வயர் முழுசாக உடம்பில் பட்டால் என்ன ஆகும்? முதலில் எர்த் லீக்கேஜில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார், டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் உன் வீடு முழுக்கவே காவல் இல்லாமல் இருக்கிறது என்று அர்த்தம், அதை முதலில் மாற்று.

அப்புறம், எல்லாம் பிளக்கிலிருந்து பிடுங்கியிருக்கும்போது ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள். கேரவனின் நீல வாயில் (கரண்ட் உள்ளே நுழையும் இடம்) இருக்கும் எர்த் முனைக்கும் கதவுச் சட்டத்துக்கும் இடையே ஓம் பார், ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். பெயின்ட் மேல் வைக்காதே, ஒரு ஸ்க்ரூ தலை மேல் வை. அடுத்து அந்த அடாப்டரின் இரண்டு முனை, அடுத்து ரீலின் இரண்டு முனை. எங்கே எண் எகிறுகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. என் அனுபவத்தில் பத்தில் எட்டு தடவை அடாப்டர்தான். கசிவைப் பொறுத்தவரை என் சந்தேகம் ஃபிரிட்ஜ் மேல். கேரவன் ஃபிரிட்ஜுக்குள் 230 வோல்ட் ஹீட்டர் எலிமென்ட் ஒன்று இருக்கும், மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். டர்பன் காற்று எப்படி என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

நீயே போடலாமா என்பதற்குப் பதில்: கூடாது. இது என் பிழைப்புக்காகச் சொல்வதில்லை. நம்ம தென்னாப்பிரிக்காவில் 2009-இல் வந்த மின் நிறுவல் விதிகளின்படி நிலையான வயரிங்கில் புது சர்க்யூட் சேர்த்தால் பதிவு பெற்ற ஒருவர் சோதித்து சிஓசி (வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) கொடுக்க வேண்டும், அளவுகள் எழுதிய டெஸ்ட் ரிப்போர்ட்டும் சேர்த்து. வேலை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது சான்ஸ் 10142-1 என்ற வயரிங் தரநிலை. வீடு விற்கும்போது இரண்டு வருஷத்துக்கு மேல் பழைய சிஓசி செல்லாது, இடையில் நீ எதையாவது கூட்டியிருந்தால் அந்தப் பகுதிக்கும் தாள் வேண்டும். தீ விபத்து என்று இன்ஷூரன்ஸ் போனால் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். ஆனால் பள்ளம் தோண்டுவது, மணல் கொட்டுவது, சுவரில் துளை போடுவது இதையெல்லாம் நீ செய்துகொள்ளலாம், பாதிக் கூலி அதில்தான் போகும். எலெக்ட்ரீஷியனிடம் முன்னாலேயே பேசிக்கொண்டு, அவர் பார்த்த பிறகுதான் பள்ளத்தை மூட வேண்டும்.

இப்போது அளவு. நீலச் சாக்கெட் 16 ஆம்ப். 16 ஐ 230-ஆல் பெருக்கினால் 3680 வாட். உன் கெட்டில் 2000, ஃபிரிட்ஜ் 150 அளவில், விளக்கும் ஃபேனும் ஒன்றுமே இல்லை. தாராளம். மாமியார் உள்ளே இரண்டு பிளேட் அடுப்பும் கெட்டிலும் ஒரே சமயத்தில் போட்டால் மட்டும் பிரேக்கர் விழும், விழட்டும், அதற்குத்தான் அது இருக்கிறது.

கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர் போதுமா என்றால் கணக்கு இப்படி: 2.5-க்கு ஒரு மீட்டருக்கு ஒரு ஆம்புக்குச் சுமார் 18 மில்லிவோல்ட் இழப்பு. 28 மீட்டர், 16 ஆம்ப் என்றால் 8 வோல்ட். அனுமதி 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ட். உள்ளேதான் வருகிறது, ஆனால் சாக்கெட்டிலிருந்து கேரவனுக்குப் போகும் வயரிலும் இன்னும் கொஞ்சம் போகும். நான் 4 சதுர மில்லிமீட்டர்தான் போடுவேன், இழப்பு 5 வோல்டுக்குள் நின்றுவிடும். விலை வித்தியாசம் பெரிதாக வராது, ஒருமுறை தோண்டிய பள்ளத்தை மறுபடி தோண்ட யாருக்கும் மனசு வராது.

ஆர்மர்ட் கேபிள் (இரும்புக் கம்பி உறை போட்டது), அரை மீட்டர் ஆழம், கீழேயும் மேலேயும் கல் இல்லாத மணல், அதற்கு மேல் அபாய நாடா, அப்புறம் மண். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கிளாண்ட் (கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் மூட்டு) மிக முக்கியம். வெளியே இருக்கும் இரும்புக் கம்பிகளை விரித்துக் கூம்பின் மேல் படிய வைத்து நட்டை இறுக்குவோம், அந்தக் கம்பிகளுக்கு எர்த் கிடைப்பது அங்கேதான். வேலை முடிந்ததும் கேபிளைக் கையால் பிடித்து இழுத்துப் பார், முறுக்கிப் பார், கொஞ்சம்கூட அசையக்கூடாது. பலர் இதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பிரேக்கர் 16. டிபி-யில் எர்த் லீக்கேஜுக்குக் கீழே வரும்படி. 30 போட்டால், சாக்கெட்டும் கேரவன் வயரும் 16-க்குச் செய்தவை, அவை உருகும்வரை பிரேக்கர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

தனி எர்த் கம்பி பற்றி: அது எர்த் வயருக்குப் பதில் ஆகாது. மண்ணில் அடித்த ஒரு கம்பி 50 ஓம் என்று வைத்துக்கொள். 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்ப். 16 ஆம்ப் பிரேக்கர் இதற்கு விழவே விழாது, எர்த் லீக்கேஜ் ஒன்றை மட்டும் நம்பி நிற்பாய். அறுந்த வயரைச் சரி செய்வதுதான் வழி.

லெனேசியா_கேரவன் எழுதியது:

பீனிக்ஸ் அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார், அந்த யூடியூப் விஷயத்தை மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் நானும் வாங்கிய புதிதில் ராத்திரி ராத்திரியாக அமெரிக்க வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே 30 ஆம்ப் என்பது 120 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 3600 வாட். நம்ம 16 ஆம்ப் 3680. ஆக பக்கத்து வீட்டுக்காரர் பெரிதாகச் சொல்லும் அந்த 30-உம் நம்ம நீலச் சாக்கெட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர்களுடைய 50 ஆம்ப் நாலு முனை, இரண்டு லைவ், இரண்டு மூன்று ஏசி வைத்த பேருந்து அளவு வண்டிக்கு. அங்கேயே ஒரு பெரிய தவறு அடிக்கடி நடக்கும், 30 ஆம்ப் சாக்கெட்டைப் பார்த்துத் துணி உலர்த்தும் மெஷினுடையது என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவார்கள், வண்டிக்குள் இருப்பதெல்லாம் எரிந்துவிடும்.

அதைவிட முக்கியம் வயர் நிறம். அமெரிக்காவில் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல். நம்ம வீட்டுச் சுவருக்குள் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். கேரவனுக்குப் போகும் மெல்லிய வயரிலோ பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். அந்த வீடியோவைப் பார்த்து இங்கே கறுப்பை லைவ் என்று இணைத்தால் முழுக்கத் தலைகீழ். விளக்கு எரியும், கெட்டில் கொதிக்கும், யாருக்கும் தெரியாது, ஆனால் ஒற்றை முனை சுவிட்சை அணைத்தாலும் உள்ளே லைவ் அப்படியே நிற்கும். சாமான் அணைந்திருக்கிறது என்று நம்பி ஒருவர் திறப்பார்.

சாக்கெட் வாங்கும்போது மூடி வைத்தது, கீழ்நோக்கிச் சாய்ந்தது வாங்குங்கள். தோட்டத்துக் குழாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். கேரவன் மூக்கில் கேஸ் சிலிண்டர் இருக்குமல்லவா, அந்தப் பக்கமும் வேண்டாம்.

டோங்காட்_அக்கா எழுதியது:

தம்பி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிய விஷயம், முருகன் காப்பாற்றினான். படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்காட்பர்க் பக்கம் பிள்ளைகளோடு கேரவனில் போயிருந்தோம். சாக்கெட் பக்கத்திலேயே இருந்ததால் ரீலில் நாலைந்து மீட்டர் மட்டும் விரித்துவிட்டு மிச்சத்தை அப்படியே சுற்றி வைத்துவிட்டோம். காலையில் கெட்டில், அப்புறம் வெந்நீர், அப்புறம் மதியம் சாதத்துக்கு மறுபடி அடுப்பு. பிளாஸ்டிக் தீய்கிற வாடை வந்தது, கேஸ் அடுப்பு என்று நினைத்து அதைத்தான் முதலில் பார்த்தோம். கடைசியில் ரீலைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. பிரித்துப் பார்த்தபோது உள் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று உருகி ஒட்டி, வெல்லப் பாகு ஆறிப்போன மாதிரி இருந்தது. சுற்றிய நிலையில் எத்தனை வாட், விரித்த நிலையில் எத்தனை வாட் என்று ரீல் மேலேயே அச்சிட்டிருந்தது, யாரும் படிக்கவில்லை. இப்போது எங்கே போனாலும், மூன்று மீட்டர் தேவை என்றாலும், முழுசாக விரித்துத்தான் போடுவோம்.

என் கேள்வி ஒன்று, அண்ணா. 2023-இல் லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) தாங்க முடியாமல் வீட்டுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் போட்டோம். 2024 மார்ச் கடைசியிலிருந்து அது பெரும்பாலும் இல்லை, ஆனால் எங்கள் தெருவில் கேபிள் திருட்டு, மழை என்று கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கேரவன் சாக்கெட்டை அந்த இன்வெர்ட்டர் பக்கத்தில் இணைக்கலாமா?

பீனிக்ஸ்_மின்வேலை எழுதியது:

அக்கா, நல்ல கேள்வி, இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை.

இணைக்கலாம், ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். எர்த் லீக்கேஜ் வேலை செய்ய, நியூட்ரலும் எர்த்தும் எங்கோ ஓர் இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். நகராட்சிக் கரண்ட் இருக்கும்போது அந்தச் சேர்க்கை சப்ளை பக்கத்தில் இருக்கிறது. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் வெளி லைனை இரண்டு முனையும் வெட்டிவிட்டுத் தனியாக ஓடும். அந்த நேரம் இன்வெர்ட்டர் பக்கத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு ரிலே சேர்த்துவிட வேண்டும், கரண்ட் வந்ததும் பிரித்துவிட வேண்டும். அந்த ரிலே இல்லையென்றால் கரண்ட் போன நேரத்தில் உங்கள் எர்த் லீக்கேஜ் பெயருக்குத்தான் சுவரில் இருக்கும், டெஸ்ட் பட்டன் அழுத்தினால்கூட விழும், ஏனென்றால் அந்தப் பட்டன் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில்தான் வேலை செய்கிறது. இன்வெர்ட்டர் போட்டவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள், மெயின் அணைத்த நிலையில் மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சின்ன ஜெனரேட்டரிலும் இதே கதைதான்.

ஜெனரேட்டர் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரைச் செய்து கேரவன் ஜெனரேட்டரிலிருந்து வீட்டுச் சாக்கெட்டுக்குக் கரண்ட் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் பிடுங்கினால் கையில் இருக்கும் முனைகளில் 230 வோல்ட் நிற்கும். தெருவில் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவனுக்கும் அது போகும். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

சாட்ஸ்வர்த்_அப்பா எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். டெஸ்ட் பட்டன் விழுந்தது. கேரவன் வாயிலிருந்து கதவுச் சட்டத்துக்கு 0.4 ஓம். ரீல் சரி. அடாப்டரில் மீட்டர் எண்ணே காட்டவில்லை.

அடாப்டரின் பிளக்கைக் கழற்றினேன். லைவும் நியூட்ரலும் ஸ்க்ரூவுக்குக் கீழே இறுக்கமாக இருந்தன. பச்சை மஞ்சள் வயர் மட்டும் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் சும்மா சாய்ந்து கிடந்தது. செம்பு இழைகள் கறுத்து, நுனியில் பச்சைத் தூள் பிடித்து, தொட்டதும் இரண்டு இழை ஒடிந்து விழுந்தன. வயரைப் பிடித்துக்கொள்ள உள்ளே இருக்கும் கிளிப்பை யாரும் இறுக்கவே இல்லை, ஒவ்வொரு தடவை வயரை இழுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உருவியிருக்கிறது. எத்தனை நாள் இப்படிப் பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தால் கை நடுங்குகிறது. அடாப்டரை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன், யாரும் எடுத்துச் சரி செய்து மாட்டக்கூடாது என்று.

பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் புதன்கிழமை வந்தார். பள்ளம் நான் தோண்டுகிறேன் என்றதற்குச் சரி என்றார், அரை மீட்டர் இருக்கிறதா என்று டேப் வைத்து மூன்று இடத்தில் அளந்துவிட்டுத்தான் மூட விட்டார். 4 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்ப். கேரவனுக்குள் கசிவு இருக்கிறதா என்றும் சோதித்தார், 500 வோல்ட் மீட்டரில், இதில் எண் கூடினால்தான் நல்லது. எல்லாம் நன்றாக வந்தது, ஃபிரிட்ஜைச் சேர்த்ததும் 0.1 மெகா ஓம் என்று இறங்கிவிட்டது. குறைந்தது 1 இருக்க வேண்டுமாம். அதைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்துக்குத் தாள் தருகிறேன் என்றார்.

மாட்டுவது கழற்றுவது எந்த வரிசையில் என்றும் கேட்டுக்கொண்டேன்: முதலில் கேரவன் பக்கம், அப்புறம் சுவர் பக்கம், கடைசியில் சுவிட்ச். கழற்றும்போது சுவிட்சை அணைத்து, சுவரில் பிடுங்கிவிட்டு, பிறகு கேரவன். அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சாக்கெட்டுக்கு மேலே ஒட்டிவிட்டேன், மாமனாருக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரிகிற மாதிரி.

ஃபிரிட்ஜை என்ன செய்வது அண்ணா?

பீனிக்ஸ்_மின்வேலை எழுதியது:

0.1 மெகா ஓம் என்றால் கணக்குப் பார், 230 வோல்டுக்கு 2.3 மில்லி ஆம்ப். உன் மகளைக் கடித்ததும் அதுதான், எர்த் லீக்கேஜ் விழாததற்கும் அதுதான் காரணம். கணக்கு நேராக உட்காருகிறது.

சில சமயம் கேஸில் இரண்டு நாள் ஓடவிட்டால் அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்து எண் ஏறும், அப்புறம் மறுபடி அளந்து பார்க்கலாம். ஏறவில்லை என்றால் எலிமென்டை மாற்று, சின்ன சாமான்தான். ஆனால் ஃபிரிட்ஜின் பின்புறம் கேஸ் பர்னரும் அதே இடத்தில் இருக்கும், அதனால் கேஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிடு. கேஸில் ஓட்டும்போது கேரவனின் காற்றுத் துளைகளை எதைக் கொண்டும் அடைக்காதே, மாமியார் குளிர் என்று துணி வைத்து அடைத்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வை. அதற்குள் அவர்கள் வந்துவிட்டால் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தட்டை ஒழித்துக் கொடு.

சாட்ஸ்வர்த்_அப்பா எழுதியது:

சரி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை கேஸில் ஏற்றுகிறேன், செவ்வாய்க்கிழமை அவர் தாள் கொண்டுவரும்போது மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணை இங்கே எழுதுகிறேன்.